சைனாடவுனில் ஒரு சிரிப்புத் திருநாள்

டிசம்பர் 25 அன்று மாலையில் அமெரிக்க நகரம் ஒன்றின் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த அமைதி தெரிந்திருக்கும். கடைகள் அடைத்திருக்கும், அலுவலகக் கட்டடங்கள் இருண்டிருக்கும், ஊரே வீட்டுக்குள் இருக்கிறது என்பது சன்னல் வெளிச்சங்களில் மட்டும் தெரியும். 1870ஆம் ஆண்டிலிருந்து கிறிஸ்துமஸ் அந்நாட்டின் கூட்டரசு விடுமுறை. அந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவர்களுக்கும் அன்று விடுமுறைதான்; போவதற்குத்தான் இடம் இருக்காது. கலிபோர்னியாவுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் அந்த நாளை நான் துணி துவைத்தும் ஊருக்குத் தொலைபேசியில் பேசியும் கழித்தேன். 2016இல் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, "இந்த வருஷம் எங்களோடு வா, அம்மாவும் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்" என்று அழைத்தாள். அவள் யூதக் குடும்பத்துப் பெண். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "சீன உணவகத்துக்கு, சிரிப்பதற்கு" என்றாள்.

அவள் அழைத்துப்போனது சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் ஆண்டுதோறும் நடக்கும் 'குங் பாவ் கோஷர் காமெடி' என்ற ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு. குங் பாவ் என்பது காய்ந்த மிளகாயும் நிலக்கடலையும் போட்டு வதக்கும் காரமான சீன உணவு. கோஷர் என்பது யூத உணவு விதிகளின்படி உண்ணத் தகுந்தது என்று பொருள்படும் சொல். இரண்டையும் ஒட்டவைத்த அந்தப் பெயரிலேயே நிகழ்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது: கிறிஸ்துமஸ் நாளில், சீன உணவகத்தில், யூத நகைச்சுவை. அதன்பின் நான் பலமுறை போய்விட்டேன். அந்த இரவைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்ற எண்ணம் சில ஆண்டுகளாகவே எனக்குள் இருந்துவருகிறது.

லிசா கெடுல்டிக் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1993இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. அந்த ஆண்டு அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் ஹேட்லி என்ற சிற்றூரில் 'பீக்கிங் கார்டன் கிளப்' என்ற இடத்தில் நிகழ்ச்சி நடத்த அவரை அழைத்திருந்தார்கள். கிளப் என்ற பெயரைப் பார்த்து நகைச்சுவை அரங்கு என்று நம்பிப் போனவர், போய்ச் சேர்ந்தபின்தான் அது ஒரு சீன உணவகம் என்று கண்டார். நூடுல்ஸ் தட்டுகளுக்கு நடுவே நின்று யூதத் துணுக்குகள் சொல்லிக்கொண்டிருந்த அந்த இரவு அவர் மனத்தில் தங்கிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் முதல் நிகழ்ச்சியை நடத்திவிட்டார். எதிர்பாராமல் நேர்ந்த ஒரு பொருத்தத்தை இரண்டே மாதங்களில் வழக்கமாக மாற்றிய அந்தச் சுறுசுறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். மேடையில் பேசத் தெரிந்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் ஒரு கூட்டம் எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுகொண்டு, அதற்கு இடம் பிடித்து, நாள் குறித்து, பந்தி பரிமாறி, முப்பது ஆண்டுகளுக்குமேல் விடாமல் நடத்துவது வேறு வகை ஆற்றல்.

யூதர்கள் கிறிஸ்துமஸ் அன்று சீன உணவகத்துக்குப் போவது அவர் உண்டாக்கிய பழக்கம் அன்று. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் குடியேறிய தெருக்களுக்குப் பக்கத்திலேயே சைனாடவுன் இருந்தது. 1899இலேயே 'தி அமெரிக்கன் ஹீப்ரூ' என்ற யூத வார இதழ், விதிமீறிய உணவகங்களுக்கு, அதிலும் சீன உணவகங்களுக்கு, யூதர்கள் போவதைக் கண்டித்து எழுதியது. கண்டிக்கும் அளவுக்குப் பலர் போயிருக்கிறார்கள் என்றுதான் அதைப் படிக்க வேண்டும். யூத விதிப்படி இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்த்து உண்ணக்கூடாது. சீனச் சமையலில் பாலுக்கு அநேகமாக இடமே இல்லை. பன்றி இறைச்சி இருக்கும்தான். ஆனால் அது பொடியாக நறுக்கப்பட்டுக் கொழுக்கட்டைக்குள் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் மனம் சமாதானம் அடைந்தது. ஆகாத உணவுக்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் 'த்ரேஃப்' என்று பெயர். இப்படி மறைந்து வருவதைச் சமூகவியலாளர்களான கே டக்மனும் ஹாரி லெவினும் 'பாதுகாப்பான த்ரேஃப்' என்று அழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் அடைப்பு நாளாக இல்லாத கடைகள் அவை. சுவரில் சிலுவை இல்லாத, வருகிறவனை அயலானாகப் பார்க்காத ஓர் இடம். பரிமாறியவர்களும் அந்நாட்டில் ஒதுக்கப்பட்டவர்கள்தாம். சீனத் தொழிலாளர்கள் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943இல்தான் நீக்கப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கான செனட் விசாரணையின்போது, கிறிஸ்துமஸ் அன்று எங்கே இருந்தீர்கள் என்று எலீனா கேகனிடம் ஓர் உறுப்பினர் கேட்டார். எல்லா யூதர்களையும் போல நானும் ஏதாவது ஒரு சீன உணவகத்தில்தான் இருந்திருப்பேன் என்று அவர் பதில் சொன்னதும் அவை முழுவதும் சிரித்தது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு ஊரறிந்த செய்தியாக அது ஆகியிருந்தது.

நாங்கள் போன 2016இல் யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்கா டிசம்பர் 24 இரவில் தொடங்கியிருந்தது. எனவே 25 அன்று இரண்டாம் இரவு. ஹனுக்கா யூத நாட்காட்டிப்படி வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 164 ஆண்டுகளுக்கு முன்பு, மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதை நினைத்து எட்டு இரவுகள் விளக்கேற்றுகிறார்கள். தோழியின் தாயார் சான் பிரான்சிஸ்கோவின் ரிச்மண்ட் பகுதியில் தனியாக வசித்தார். அப்போது அவருக்கு 78 வயது. தெருவைப் பார்த்த சன்னல் திட்டில் ஒன்பது கிளைகள் கொண்ட பித்தளை விளக்குத் தண்டை வைத்து, வலக்கோடியிலிருந்து இரண்டு மெழுகுவர்த்திகளை நட்டார். ஏற்றுவதற்கென்றே தனியாக நிற்கும் 'ஷமாஷ்' என்ற மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்து, புதிதாகச் சேர்ந்ததை முதலிலும் நேற்றையதை அடுத்தும் ஏற்றினார். வலத்தில் தொடங்கி நடுவதும் இடத்தில் தொடங்கி ஏற்றுவதும் ஏன் என்று கேட்டேன். "இன்றைக்கு வந்த விருந்தாளிக்கு முதல் மரியாதை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்றைக்கு அது நீ" என்றார். உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்த லாட்கே என்ற அடையை ஆப்பிள் மசியலோடு கொடுத்தார். ஓரங்கள் முறுகலாகவும் நடுவில் மெதுவாகவும் இருந்த அந்த அடைக்கு நான் இரண்டாம் முறை கை நீட்டியபோது அவர் முகத்தில் தெரிந்த நிறைவு, எந்த ஊர்த் தாய்க்கும் உரியது.

அந்த விளக்கைச் சன்னலில்தான் வைக்க வேண்டும் என்பது மரபு. ஆலயத்தில் ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தை ஊருக்கு அறிவிப்பதே அதன் நோக்கம். அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அவருடைய பாட்டி பிறந்த கிழக்கு ஐரோப்பிய ஊரில் கிறிஸ்துமஸ் இரவன்று யூதர்கள் வெளியே போகமாட்டார்களாம்; குடித்துவிட்டு வருகிற கூட்டத்துக்குப் பயந்து கதவைத் தாழிட்டுவிடுவார்களாம். ஹசிதியர் என்ற பக்தி மரபு யூதர்களின் குழுக்கள் சிலவற்றில் அந்த இரவுக்கு 'நிட்டல் நாக்ட்' என்று பெயரே உண்டு. மற்ற இரவுகளில் தோரா என்ற மறைநூலைப் படிக்கும் ஆண்கள் அன்று படிக்காமல் சீட்டும் சதுரங்கமும் ஆடிப் பொழுதைக் கழிப்பார்கள். படிப்புக்கூடத்துக்குப் போகும் வழியில் அடிபட நேரும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. பாட்டி கதவைத் தாழிட்ட அதே இரவில் பேத்தி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, நல்ல கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, "கிளம்பலாம், நல்ல மேசை கிடைக்காது" என்று எங்களை அவசரப்படுத்தினார். இந்த நிகழ்ச்சி என்னவென்று எனக்குப் புரியத் தொடங்கியது அந்த வாசற்படியில்தான்.

பசிபிக் அவென்யூவில் இருந்த நியூ ஏசியா என்ற உணவகத்தில்தான் அப்போது பல ஆண்டுகளாக நிகழ்ச்சி நடந்துவந்தது. சீனக் கல்யாண விருந்துகள் நடக்கும் பெரிய கூடம் அது. மாலைக் காட்சிக்குப் பல வகைப் பதார்த்தங்களோடு பந்தி நடக்கும். இரவுக் காட்சிக்கு மரக்கறி டிம் சம், அதாவது ஆவியில் வெந்த சிறு சீனப் பலகாரங்கள். நான் மரக்கறி உண்பவள் என்பதால் இரவுக் காட்சிக்கே சீட்டு எடுத்திருந்தார்கள். வட்ட மேசைகளைச் சுற்றி முன்பின் அறியாதவர்கள் பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்துவிடுகிறார்கள். மூங்கில் கூடைகளைத் திறக்கும்போது எழும் ஆவிக்கு நடுவே, நீ எந்த ஊர், உன் அம்மா எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேச்சு தொடங்குகிறது. மேடையில் ஆள் ஏறுவதற்கு முன்பே எங்கள் மேசையில் இரண்டு பேர் தம் பாட்டனார்கள் ஒரே ஊர்க்காரர்கள் என்று கண்டுபிடித்திருந்தார்கள். வருவாயில் ஒரு பகுதி ஒவ்வோர் ஆண்டும் தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறது; அதையும் மேடையிலேயே அறிவிக்கிறார்கள்.

பேசியவை எவை என்று கேட்டால், தாய், வயிறு, நோய், திருமணம், மரணம் என்று ஐந்து சொற்களில் சொல்லிவிடலாம். ஒவ்வொருவரும் தம் குடும்பத்தையும் தம் சமூகத்தின் கவலைப்படும் குணத்தையும் எடுத்துப் பேசினார்களே தவிர, அன்று பண்டிகை கொண்டாடுகிறவர்களை ஒருவர்கூட இகழவில்லை. இதை நான் குறிப்பாகக் கவனித்தேன். கூடத்தில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், என்னைப் போன்றவர்களும் இருந்தார்கள். ஒருவரும் வெளியில் நிற்பதாக உணரவில்லை. சிரிப்பின் வகையும் எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு துணுக்கு முடிவதற்குச் சற்று முன்பே முதியவர்களின் மேசைகளிலிருந்து சிரிப்பு எழும்; முடிவு எங்கே போகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். இளையவர்கள் அரை நொடி கழித்துச் சேர்ந்துகொள்வார்கள். நன்றாகத் தெரிந்த கீர்த்தனையின் சங்கதிக்குத் தலையாட்டுவது போன்ற ரசிப்பு அது.

அந்த ரசிப்புக்குப் பின்னால் நீண்ட பயிற்சி இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதத் திருமணங்களில் 'பத்கன்' என்ற கட்டியக்காரர் செய்யுள் சொல்லி மணப்பெண்ணை அழவைப்பார், பிறகு விருந்தினரைச் சிரிக்கவைப்பார். இரண்டுமே அவருடைய வேலை. அமெரிக்காவில் அந்தக் கலை யித்திஷ் நாடகத்துக்கும், பாட்டும் கூத்தும் துணுக்கும் கலந்த வாட்வில் மேடைக்கும், நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியில் யூதக் குடும்பங்கள் கோடையைக் கழித்த விடுதிகளுக்கும் போனது. மற்ற விடுதிகள் யூதர்களுக்கு இடம் தர மறுத்த காலத்தில் வளர்ந்தவை அவை. காலையிலிருந்து இரவுவரை விருந்தினரைச் சோர்வடையவிடாமல் கலகலப்பாக வைத்திருக்கும் 'டம்லர்' வேலையில் தொடங்கி, பின்னாளில் நாடறிந்த கலைஞர்களாக உயர்ந்தவர்கள் பலர். 1978இல் டைம் இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரை, மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடு இருந்த யூதர்கள், தொழில்முறை நகைச்சுவையாளர்களில் 80 விழுக்காடு இருப்பதாக மதிப்பிட்டது.

அந்த மரபின் முதியவர் ஒருவர் இந்த மேடையில் நின்றிருக்கிறார். ஹென்னி யங்மேன் லண்டனில் 1906இல் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். கையில் வயலினோடு மேடையேறி ஒற்றை வரித் துணுக்குகளாகப் பொழிந்தவர். 1997 டிசம்பரில், 91 வயதில், குங் பாவ் கோஷர் மேடையில் பேசினார். அவருடைய கடைசி நிகழ்ச்சிகளாக அவை அமைந்துவிட்டன. 1998 பிப்ரவரி 24 அன்று நிமோனியாவால் காலமானார். தோழியின் தாயார் அந்த ஆண்டு அந்தக் கூடத்தில் இருந்தவர். புரூக்ளினில் அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய தகப்பனார் இரவு உணவு மேசையில் யங்மேனின் வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். 1997இல் மேடையில் நின்ற கிழவரைப் பார்த்தபோது தம் தகப்பனார் மேசைக்குத் திரும்பி வந்தது போல் இருந்தது என்று சொல்லி, சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

யங்மேனின் புகழ்பெற்ற வரி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். அது தமிழில் அப்படியே பொருந்துவதைக் கண்டு நான் வியந்தேன். எதையோ விளக்க வருபவர் போல, "என் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவார். உதாரணத்துக்கு என்று எண்ணி நாம் காத்திருப்போம். ஓர் இடைவெளி. பிறகு, "தயவுசெய்து!" எடுத்துக்கொள்ளுதல் என்ற சொல்லுக்கு நம் மொழியிலும் அந்த இரண்டு பொருளும் இருக்கின்றன. ஆனால் சொல்லைவிட அந்த இடைவெளிதான் கலை. குறைத்தால் துணுக்கு விழாது, நீட்டினால் செத்துவிடும். இதை அந்த அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டியபோது, 'தயவுசெய்து' என்ற சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

யங்மேனுக்குப் பிறகு ஷெல்லி பெர்மன், டேவிட் பிரென்னர், எலேன் பூஸ்லர், ஜூடி கோல்ட் என்று பல தலைமுறையினர் அந்த மேடைக்கு வந்திருக்கிறார்கள். பெண் கலைஞர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அங்கு கிடைத்துவரும் இடம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இரவின் முடிவில் சீன உணவகங்களுக்கு உரிய ஃபார்ச்சூன் குக்கி வரும். ஒடித்தால் உள்ளே ஒரு காகிதச் சுருள் இருக்கும். மற்ற இடங்களில் அதில் சோதிட வாக்கு இருக்கும். இங்கே யித்திஷ் பழமொழி. 2016இல் எனக்கு வந்த சுருளில், மனிதன் திட்டமிடுகிறான், கடவுள் சிரிக்கிறார் என்று இருந்தது. அந்த அம்மா அதை மூல மொழியில் சொல்லிக் காட்டினார்: "டெர் மென்ச் டிராக்ட், உன் காட் லாக்ட்." இயைபோடு காதில் விழுந்தது. எங்கள் ஊரிலும் இது உண்டு, நாமொன்று நினைக்கத் தெய்வமொன்று நினைக்கும் என்பார்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "உங்கள் தெய்வம் நினைக்கிறது, எங்கள் கடவுள் சிரிக்கிறார்" என்றார். இரண்டு பழமொழிகளுக்கும் இடையிலுள்ள அந்த ஒற்றை வினைச்சொல் வேறுபாட்டை நான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். தம் திட்டங்கள் எத்தனையோ முறை தரைமட்டமாகப் பார்த்த ஒரு மக்கள்கூட்டம், அந்த அழிவின் நடுவே மேலிருந்து ஒரு சிரிப்பைக் கேட்டு, அதோடு தானும் சேர்ந்து சிரிக்கப் பழகியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் இல்லாதவர்களுக்கு இது ஒரு மாற்று ஏற்பாடு என்று சிலர் இதைச் சுருக்கிச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குறித்த நாளில் கூடி, குறித்த உணவை உண்டு, மூத்தவர்களின் சொற்களை இளையவர்கள் கேட்டுத் திரும்பச் சொல்லும் எதையும் நாம் திருவிழா என்றுதான் அழைக்கிறோம். இடம் மாறியும் அது நிலைத்ததே அதற்குச் சான்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது நிகழ்ச்சி இணையவழிக்கு மாறியது. கெடுல்டிக் அப்போது புளோரிடாவில் தம் வயதான தாயாரோடு தங்கியிருந்து, அங்கிருந்தபடியே மாதந்தோறும் இணையத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். தாயாரும் அதில் பங்கேற்றார். நியூ ஏசியாவின் விருந்துக்கூடத்தில் மேசைகளை அகற்றிவிட்டு அதை மளிகைக் கடையாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் கலங்கினேன். பிறகு ஷெரித் இஸ்ரேல் என்ற யூதத் தொழுகைக்கூடத்தில் நிகழ்ச்சி நடந்தது. 1906ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற கட்டடம் அது. 1849இல், தங்கம் தேடி வந்த யூதர்கள் சிலர் இந்நகரின் ஜாக்சன் தெருவில் ஒரு கூடாரத்தில் கூடி யூதப் புத்தாண்டு வழிபாடு நடத்தினார்கள்; அந்தச் சபை தன் தொடக்கத்தை அங்கிருந்துதான் கணக்கிடுகிறது. ஜாக்சன் தெருவுக்கு அடுத்த இணைதெருதான் பசிபிக் அவென்யூ. அந்தத் தொடர்பை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பின்னர் நிகழ்ச்சி சைனாடவுனுக்கே திரும்பி, இம்பீரியல் பேலஸ் என்ற உணவகத்துக்கு வந்து சேர்ந்தது. 2024இல் ஹனுக்காவின் முதல் இரவு டிசம்பர் 25இலேயே வந்தது. 2005க்குப் பிறகு அப்போதுதான் அப்படி அமைந்தது. அந்த அம்மாவுக்கு 86 வயது. ஒற்றை மெழுகுவர்த்தியை ஏற்ற அவர் கை சற்று நடுங்கியது. தோழி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உணவகத்தில் மாடிப்படி கண்டு தயங்கியவரை எங்கள் மேசைக்காரர்கள் இருவர் தாங்கி அழைத்துப்போனார்கள். இரவு முழுவதும் முதலில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

திரும்பும்போது காரில் முன் இருக்கையில் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். கியரி தெருவில் சிவப்பு விளக்குக்காக வண்டி நின்றபோது கண்ணைத் திறக்காமலேயே ஆங்கிலத்தில், என் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அந்த முதல் பாதியை மட்டும் சொன்னார். தம் தகப்பனாரின் குரலில்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நான் வாயெடுக்கப் போனேன். பொறு என்பதுபோல ஒரு விரலை உயர்த்தினார். விளக்கு பச்சைக்கு மாறியது, விரல் இறங்கியது, இருவரும் சேர்ந்து தமிழில் சொன்னோம்: "தயவுசெய்து!"